சிறுகுழல் துப்பாக்கியும் பெருங்களிறும்

முயல், அம்பு, யானை, வேல் என்னும் நான்கையும் ஒரே குறளில் நிறுத்தி, எது வீரம் என்று எண்ண வைத்தவர் வள்ளுவர். படைச்செருக்கு அதிகாரத்தைப் பயின்ற நம் வட்டத்து அன்பர்களுக்கு, முயலுக்குரிய அம்பையே யானையின்மீது எய்து வென்ற ஒருவரின் வரலாறு வியப்பைத் தரக்கூடும். அவர் 1880ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில், எடின்பரோவுக்கு அருகே பிறந்த வால்டர் பெல். உகாண்டாவின் வடகிழக்கிலுள்ள கரமோஜா நிலத்தில் வேட்டையாடியதால் 'கரமோஜோ பெல்' என்றே அறியப்பட்டார்.

அவருக்கு முந்தைய தலைமுறை யானையை எவ்வாறு எதிர்கொண்டது என்பதை முதலில் பார்க்கவேண்டும். இதற்கு ஈழத்துக் காடுகளே சான்று. 1840களில் இலங்கைக்கு வந்த சாமுவேல் பேக்கர் சுமந்த பெருந்துப்பாக்கி ஏறத்தாழ 21 இராத்தல் எடையுடையது. அன்றைய கருமருந்து குண்டை விரைவாகச் செலுத்தாது. விரைவு இல்லாதபோது எடையை ஏற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. எனவே கால் இராத்தல் ஈய உருண்டைகளைச் சுடும் குழல்கள்கூட உருவாயின. அவற்றின் உதைப்பு சுடுபவரையே நிலைகுலையச் செய்யும். எழும் புகை, குண்டு பட்டதா இல்லையா என்பதையே மறைத்துவிடும். எதிரே நிற்பது காயம்பட்ட களிறாயின், அந்தப் புகை கலையும்வரை காத்திருப்பது எத்தகைய அனுபவம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1880களில் பிரான்சில் புகையற்ற வெடிமருந்து பிறந்ததும் காட்சி மாறிற்று. மெல்லிய, நீண்ட குண்டுகளை முன்னறியாத விரைவில் செலுத்த முடிந்தது. ஜெர்மானியரான மௌசரின் 7 மில்லிமீட்டர் தோட்டா 1890களின் தொடக்கத்தில் போர்ப்படைகளுக்காகவே உருவானது. தென்னாப்பிரிக்கப் போரில் போயர்கள் அதை ஏந்தி ஆங்கிலப் படையைத் திணறடித்தனர். லண்டனின் ரிக்பி நிறுவனம் அதே தோட்டாவுக்கு '.275' என்று ஆங்கிலப் பெயர் சூட்டி, வேட்டைத் துப்பாக்கிகளைச் செய்து விற்றது. அதன் குண்டு ஏறத்தாழ 11 கிராம்தான். அக்காலத்து யானைத் துப்பாக்கியான.450இன் குண்டோ 31 கிராம். மான் வேட்டைக்குத் தக்கதென்று பலர் கருதிய இக்கருவியை பெல் யானைக்குத் தேர்ந்தார்.

ஏன்? விடை துப்பாக்கியில் இல்லை, யானையின் தலையில் இருந்தது. யானையின் மண்டையோடு மேற்பார்வைக்குக் குன்றுபோல் தோன்றினும், அதன் பெரும்பகுதி தேன்கூடு போன்ற காற்றறைகளாலானது. ஏறக்குறைய ஐந்து கிலோ எடையுள்ள மூளை அதனுள் பின்புறத்தில், தாழ்வாக ஒதுங்கிக் கிடக்கிறது. பெல் மண்டையோடுகளை வாளால் அறுத்துப் பார்த்தார். எக்கோணத்தில் நின்றால் மூளை எங்கிருக்கும் என்பதை மனத்தில் பதித்துக்கொண்டார். அவர் ஓவியரும்கூட. தம் வேட்டை நூலுக்குத் தாமே படம் வரைந்தார். எடை குறைந்த துப்பாக்கி, நெடுந்தொலைவு நடந்து களைத்த கையிலும் நடுங்காது. உதைப்பு குறைவாகையால், சுடும் நொடியில் தோள் தானாகச் சுளிக்காது. உலோக உறையிட்ட குண்டு, எலும்பில் நசுங்காமல் நேர்கோட்டில் செல்லும். மூளையில் பட்ட யானை அந்த இடத்திலேயே சரிந்துவிடும். ஓசையும் சிறிதாகையால் மற்ற யானைகள் மிரண்டு ஓடுவதும் குறைவு. விலங்குக்குப் பின்புறமாகச் சாய்வாக நின்று, கழுத்தின் வழியே மூளையை எட்டும் குறியும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

அவர் வீழ்த்தியவை ஆயிரத்துக்கும் மேல். பெரும்பான்மை அந்தச் சிறு தோட்டாவால் விழுந்தவை. இவ்வெண்ணை எழுதும்போது எனக்குள் பெருமிதம் எழவில்லை என்பதை அன்பர்களிடம் ஒப்புக்கொள்கிறேன். நுட்பத்தை வியக்கிறேன், நுட்பத்தின் நோக்கமோ தந்தம். ஐரோப்பிய மாளிகைகளின் பில்லியர்ட்ஸ் பந்துகளுக்கும் பியானோக் கட்டைகளுக்கும் அது சென்றது. இறைச்சி அப்பகுதி மக்களின் பசியைத் தீர்த்தது என்று பெல் எழுதியது உண்மையாயினும், அவரை அங்கே அழைத்துச் சென்றது அந்தப் பசி அன்று.

இன்னொரு தீமையும் நிகழ்ந்தது. பெல்லின் நூல் 1923இல் வெளிவந்தபின், அவர் கண்ணும் கையும் பொறுமையும் இல்லாதவர்கள் அவர் தோட்டாவை மட்டும் எடுத்துக்கொண்டனர். பெருந்துப்பாக்கி சிறு பிழையை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். மூளைக்கருகே பட்டாலும் விலங்கைச் சிறிது நேரம் மயங்கச் செய்யும். சிறுகுழலுக்கு அந்தத் தயை இல்லை. குறி ஒரு சாண் விலகினால், யானை காயத்தோடு காட்டுக்குள் சென்று நாட்கணக்கில் வதைபடும். எதிர்ப்படுவோர் உயிரையும் பறிக்கும். ஆப்பிரிக்க நாடுகள் பலவும் பிற்காலத்தில் பெருவிலங்கு வேட்டைக்கு .375 என்ற குறைந்த அளவை விதித்ததன் காரணம் இதுவே. எளிய நடையைக் கண்டு எளிதென மயங்கிப் பாட்டெழுதத் துணிவோரை நம் வட்டத்திலும் கண்டிருக்கிறோம். அங்கே காயப்படுவது தாள் மட்டுமே.

நம் நாட்டிலும் அதே .275 ஒரு வரலாறு படைத்தது. 1907இல் சம்பாவத் என்னுமிடத்தில் ஆட்கொல்லிப் பெண்புலியை வீழ்த்திய ஜிம் கார்பெட்டுக்கு, ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் ஹூவெட் அத்தகைய ரிக்பி துப்பாக்கியைப் பரிசளித்தார். கார்பெட் பின்னர் காமிராவை நாடியதும், 1936இல் அமைந்த தேசியப் பூங்கா பின்னர் அவர் பெயர் பெற்றதும் அன்பர்கள் அறிந்தவை. பெல்லுக்கு அத்தகைய திருப்பம் வாய்க்கவில்லை. முதல் உலகப் போரில் விமானியாகப் பறந்து, பின் ஸ்காட்லாந்து மலைநாட்டில் குடியேறி, 1954இல் காலமானார். அவர் தந்தம் தேடி அலைந்த கரமோஜாவில் 1962இல் கிடெப்போ தேசியப் பூங்கா அமைந்தது. யானைகள் அங்கே இன்றும் மேய்கின்றன.