போலீஸின் பழைய துப்பாக்கி எங்கே போகிறது?

மிக்சிக்கும் கிரைண்டருக்கும் எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் உண்டு, தெரியும்தானே? அமெரிக்கப் போலீஸ் துப்பாக்கிக்கும் உண்டு.

1986-ல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இறந்தார்கள். ஆறு குண்டு ரிவால்வர் போதாது என்ற பேச்சு வலுத்தது. ஆஸ்திரியாவின் குளோக் நிறுவனம் பதினேழு குண்டு பிஸ்டலோடு வந்தது. போலீஸின் பழைய துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் மதிப்பைப் புதுசின் விலையில் கழித்தது. அந்தப் பழைய சரக்கு மொத்த வியாபாரிகள் வழியாகக் கடைக்குப் போனது. உறையில் உரசின தழும்புதான் இருக்கும், அதிகம் சுட்டிருக்காது, விலையும் குறைவு. சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொள்ள உரிமம் வாங்கியவர்களுக்கு வேறென்ன வேண்டும்? காமர்ஸ் படிக்கிற எனக்கு இந்தக் கணக்கில் ஒரு குறையும் தெரியவில்லை, காஸ்மோபொலிஸ் கதையைப் படிக்கும்வரை.

அது வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு குட்டி ஊர். அங்கத்திய போலீஸ், ஒரு குளோக் 26 ரொம்பச் சின்னதாக இருக்கிறதென்று கடையில் கொடுத்து வேறு வாங்கியது. மறைத்து வைக்க அந்தச் சின்ன அளவுதானே வசதி! அது கைமாறி, துப்பாக்கி வைத்திருக்கவே தடையுள்ள ஒருவனிடம் போனது. 1999 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் அதை வைத்து ஒரு தபால்காரரைச் சுட்டுக் கொன்றான்.

குடும்பத்தார் குளோக் மீது வழக்குப் போட்டார்கள். நடுவில் 2005-ல் துப்பாக்கி நிறுவனங்களைக் காக்கும் சட்டம் வந்துவிட்டது. 2009-ல் மேல்முறையீட்டிலும் வழக்கு நிற்கவில்லை.