இந்தியப் பெரும் முக்கோண அளவை: சங்கிலி, கோணம், கணக்கு

இந்தியப் பெரும் முக்கோண அளவை என்பது 1802ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கி, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் நடைபெற்ற நில அளவைத் திட்டமாகும். வரலாற்றுப் பாடத்தில் இது கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின் ஒரு பகுதியாக வருகிறது. புவியியலில் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தோடும், புவியறிவியலில் மலைகளுக்கு அடியிலுள்ள பாறைகளின் இயல்போடும், தொழில்நுட்பப் பாடத்தில் அளவைக் கருவிகளோடும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. நான்கு பாடங்களில் சிதறிக் கிடக்கும் இச்செய்திகளை ஒன்றாகப் படித்தால்தான் இத்திட்டத்தின் சாதனையும் அதில் விடுபட்டுப்போன பெயர்களும் தெளிவாகும்.

வரலாற்றுப் பின்னணி

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்பு, தென்னிந்தியாவின் பெரும்பகுதி கம்பெனியின் நேரடி ஆட்சிக்கோ செல்வாக்குக்கோ உட்பட்டது. ஆனால் அந்நிலப்பரப்பைப் பற்றிய துல்லியமான வரைபடம் கம்பெனியிடம் இல்லை. அக்கால வரைபடங்கள் பெரும்பாலும் வழி அளவையைக் கொண்டு வரையப்பட்டவை. அளவைச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு சாலை வழியே சென்று, திசைகாட்டியால் திசையைக் குறித்து, ஊர்களை வரிசையாக இணைப்பார்கள். இம்முறையில் ஒவ்வோர் ஊரிலும் நேரும் சிறு பிழை அடுத்த ஊரின் பிழையோடு கூடிக்கொண்டே போகும்.

இந்நிலையில் வில்லியம் லாம்ப்டன் என்ற படை அதிகாரி முக்கோண அளவை முறையை முன்மொழிந்தார். தீபகற்பத்தின் கிழக்குக் கரையையும் மேற்குக் கரையையும் இணைப்பது அவரது முதல் நோக்கம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஒரு பாகை அட்சரேகையின் நீளத்தை அளந்து பூமியின் வடிவத்தை அறிவது இரண்டாவது நோக்கம். படைநடத்தலுக்கும் ஆட்சிக்கும் வரைபடம் தேவைப்பட்ட கம்பெனி, அறிவியல் ஆர்வம் கொண்ட லாம்ப்டனின் திட்டத்தை ஏற்றது. நிலவரிக்காக வயல்களை அளக்கும் வருவாய் அளவை வேறு, இது வேறு. ஆயினும் பிற்கால வரைபடங்களுக்கு எல்லாம் சட்டகமாக அமைந்தது இந்த முக்கோண வலைதான்.

அளவை முறை

ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால், மற்ற இரண்டு பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். மேல்நிலை வகுப்பு மாணவர்கள் படிக்கும் சைன் விதி இதுவே. ஆகவே தரையில் ஒரே ஒரு நேர்கோட்டை மட்டும் மிகக் கவனமாக அளந்தால் போதும். இது அடிக்கோடு எனப்படும். அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றைப் பார்த்துக் கோணங்களை அளந்தால், முதல் முக்கோணம் கிடைக்கும். அம்முக்கோணத்தின் பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாகும். இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாக முக்கோணங்களை அடுக்கிக்கொண்டு நாடு முழுவதும் செல்லலாம்.

1802 ஏப்ரல் 10ஆம் நாள் பரங்கிமலை அருகே லாம்ப்டன் தம் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் ஏறத்தாழ 7.5 மைல், அதாவது 12 கிலோமீட்டர். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி ஒன்றை ஏறத்தாழ 400 முறை அடுத்தடுத்து வைத்து அளந்தனர். இப்பணி முடிய 57 நாட்கள் ஆயின. அச்சங்கிலி முதலில் சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டு செல்லப்பட்ட பொருள்களுள் ஒன்று.

பன்னிரண்டு கிலோமீட்டருக்கு இத்தனை நாட்கள் ஏன்? கணக்கிட்டுப் பார்க்கலாம். வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால், 100 அடி எஃகுச் சங்கிலி ஏறத்தாழ 3.5 மில்லிமீட்டர் நீளும். 400 முறை வைக்கும்போது அப்பிழை 1.4 மீட்டராகிவிடும். அடிக்கோட்டில் நேரும் பிழை அதன்மீது எழுப்பப்படும் எல்லா முக்கோணங்களுக்கும் பரவும். சென்னையின் கோடை வெயிலில் இதைத் தவிர்க்க, சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, நிழலுக்குக் கூடாரம் அமைத்து, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்துத் திருத்தம் செய்தனர்.

கருவியும் கோபுரமும்

கோணங்களை அளக்கப் பயன்பட்டது தியோடலைட் என்னும் கருவி. லாம்ப்டனுக்காக இங்கிலாந்தில் செய்யப்பட்ட தியோடலைட் ஏறத்தாழ அரை டன் எடை கொண்டது. அதைக் கொண்டுவந்த கப்பலை வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டுசென்றனர். அது அறிவியல் கருவி என்று அறிந்ததும் சென்னைக்கு அனுப்பிவைத்தனர்.

காவிரிச் சமவெளியில் குன்றுகள் இல்லை. எனவே உயர்ந்த கோயில் கோபுரங்களே பார்வை நிலையங்களாயின. 1808இல் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் மேல் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, கோணம் காட்டும் வட்டம் நெளிந்துபோனது. லாம்ப்டன் சில வாரங்கள் உழைத்து அதைத் தம் கையாலேயே நிமிர்த்திச் சீராக்கினார்.

பணியின் நம்பகத்தன்மை பெங்களூரில் சோதிக்கப்பட்டது. 1804இல் அங்கே மற்றோர் அடிக்கோடு அளக்கப்பட்டது. சென்னையிலிருந்து முக்கோணங்கள் வழியாகக் கணக்கிட்ட நீளமும், தரையில் நேரடியாக அளந்த நீளமும் சில அங்குலங்களே வேறுபட்டன. மேலும், சென்னைக்கும் மங்களூருக்கும் இடைப்பட்ட தீபகற்பத்தின் அகலம் பழைய வரைபடங்கள் காட்டிய 400 மைல் அன்று, ஏறத்தாழ 360 மைல்தான் என்பதும் தெரியவந்தது.

தெற்கிலிருந்து இமயம் வரை

தெற்கே குமரி முனைக்கு அருகிலிருந்து 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டி வடக்கு நோக்கிச் சென்ற முக்கோணத் தொடர் பெருவில் என அழைக்கப்பட்டது. 1823இல் லாம்ப்டன் இன்றைய மகாராட்டிரத்திலுள்ள ஹிங்கன்காட் என்னும் ஊரில் பணியிலேயே இறந்தார். அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் பொறுப்பேற்றார். இமய அடிவாரம் வரை ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் நீண்ட பெருவில் 1841இல் நிறைவடைந்தது.

எவரெஸ்ட் முறைகளை மேலும் செம்மைப்படுத்தினார். சங்கிலிக்குப் பதிலாக இரும்பும் பித்தளையும் இணைந்த ஈடுசெய் கோல்களைப் பயன்படுத்தினார். இரு உலோகங்களும் வெவ்வேறு அளவில் விரிவடைவதால், கோலின் முனைக்குறிகளுக்கு இடையிலான தூரம் மாறாமல் இருக்கும். தூசி நிறைந்த கங்கைச் சமவெளியில் உயரமான கோபுரங்களைக் கட்டி, இரவில் விளக்கொளியைக் குறியாக வைத்துக் கோணங்களை அளந்தனர். பார்வைக்குக் குறுக்கே நின்ற மரங்கள் வெட்டப்பட்டன, வீடுகளும் அகற்றப்பட்டன. காட்டுக் காய்ச்சலால் பலர் இறந்தனர்.

தூக்குக்குண்டு சொன்ன செய்தி

மத்திய இந்தியாவிலுள்ள கல்யாண்பூருக்கும், தில்லிக்கு வடக்கிலுள்ள கலியானாவுக்கும் இடையே ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தூரம். இவ்விரு ஊர்களின் அட்சரேகை வேறுபாட்டை முக்கோணங்கள் மூலமும், விண்மீன்களைப் பார்த்தும் கண்டனர். இரண்டு விடைகளுக்கும் ஏறத்தாழ 5.24 நொடிக்கோணம் வேறுபாடு இருந்தது. தரையில் இது 160 மீட்டர் அளவே. ஆயினும் பிழை எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அவர்கள் தள்ளிவிடவில்லை.

கல்கத்தாவில் சமயப் பணியாற்றிய கணித அறிஞர் ஜான் ஹென்றி பிராட் 1855இல் இதை ஆராய்ந்தார். விண்மீன் அளவைக்குச் செங்குத்துத் திசை தெரிய வேண்டும். அதைக் காட்டுவது தூக்குக்குண்டு. இமயமலை என்னும் பெரும்பாறைத் திரள் குண்டைத் தன் பக்கம் ஈர்ப்பதால் திசை சற்றுச் சாயும். அந்த ஈர்ப்பை பிராட் கணக்கிட்டபோது ஏறத்தாழ 15.9 நொடி வேறுபாடு வந்திருக்க வேண்டும். உண்மையில் வந்ததோ அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

இமயம் ஏன் எதிர்பார்த்த அளவு ஈர்க்கவில்லை? அதே ஆண்டில் ஜார்ஜ் ஏரி விளக்கம் தந்தார். மலைகள் தமக்கு அடியில் எடை குறைந்த பாறையால் ஆன ஆழமான வேர்களைக் கொண்டு, அடர்த்தி மிகுந்த பொருளின்மேல் மிதக்கின்றன என்பது அவர் கருத்து. தண்ணீரில் மிதக்கும் மரக்கட்டை தடிமனாக இருந்தால் மேலேயும் உயர்ந்து நிற்கும், கீழேயும் ஆழ்ந்திருக்கும் அல்லவா? மலைகளுக்குக் கீழுள்ள பாறையே அடர்த்தி குறைந்தது என்று பிராட் வேறு விளக்கம் அளித்தார். இன்று ஐசோஸ்டசி எனப்படும் சமநிலைக் கொள்கை இவ்விரு விளக்கங்களிலிருந்து வளர்ந்தது.

பதினைந்தாம் சிகரம்

நேபாளத்துக்குள் செல்ல அளவையாளர்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே 160 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து இமயச் சிகரங்களின் கோணங்களை அளந்தனர். காற்றில் ஒளி வளைவது, பூமியின் வளைவு ஆகியவற்றுக்குத் திருத்தம் செய்து உயரங்களைக் கணக்கிட்டனர். பதினைந்தாம் சிகரம் என்று எண்ணிடப்பட்டிருந்த மலையின் உயரம் 29,002 அடி என 1856இல் ஆன்ட்ரூ வா அறிவித்தார். அதற்கு எவரெஸ்டின் பெயரைச் சூட்டவும் பரிந்துரைத்தார். திபெத்திய மக்கள் அதை ஏற்கெனவே சோமோலுங்மா என்று அழைத்துவந்தனர். 2020இல் நேபாளமும் சீனாவும் அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். பழைய கணக்கு இதிலிருந்து ஒன்பது மீட்டர் அளவே குறைகிறது.

விடுபட்ட பெயர்கள்

இக்கணக்கீட்டுப் பணியில் முதன்மையானவர் ராதாநாத் சிக்தார். 1813இல் கல்கத்தாவில் பிறந்து, இந்துக் கல்லூரியில் கணிதம் பயின்று, 1831இல் கணக்கீட்டாளராகச் சேர்ந்தார். அவர் ஒருநாள் ஓடிவந்து உலகின் உயர்ந்த சிகரத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகக் கூறினார் என்ற கதை பரவலாக உண்டு. உண்மையில் அது பல நிலையங்களின் அளவைகளைப் பல ஆண்டுகள் சரிபார்த்த கூட்டுப்பணி. அப்பணியின் தலைமைக் கணக்கீட்டாளர் சிக்தார் என்பதே அவருக்குரிய பெருமை.

அவர் கணக்கில் மட்டும் துணிவு காட்டியவர் அல்லர். 1843இல் டேராடூனில் அளவைத் துறைத் தொழிலாளர்களைக் கூலியின்றிச் சுமை தூக்க வைத்த ஆங்கிலேய மாஜிஸ்திரேட்டை எதிர்த்தார். அதற்காக அவருக்கு 200 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

1851இல் வெளிவந்த நில அளவைக் கையேட்டின் முன்னுரையில் சிக்தாரின் பங்களிப்பு குறிக்கப்பட்டிருந்தது. அவர் 1870இல் இறந்தார். 1875இல் வெளிவந்த பதிப்பில் அக்குறிப்பு நீக்கப்பட்டிருந்தது. அக்காலப் பத்திரிகையிலேயே இதற்குக் கண்டனம் எழுந்தது.

ஆற்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மொஹ்சின் ஹுசைன் இன்னொருவர். சென்னையில் ஒரு நகைக்கடையில் வேலை பார்த்தவர். தம் கைத்திறனால் அளவைத் துறையின் கருவிப் பிரிவில் இடம்பெற்றார். பழுதடைந்த பெரிய தியோடலைட்டைச் சீரமைப்பதில் எவரெஸ்ட் அவரையே நம்பினார். ஆங்கிலேயக் கருவியாளர் விலகியதும் அப்பணியை மொஹ்சின் ஏற்றார். ஊதியமோ முன்னவரைவிடக் குறைவு. சங்கிலி பிடித்தவர்கள், கருவியைச் சுமந்தவர்கள், இரவெல்லாம் விளக்கு ஏந்தியவர்கள் ஆகியோரில் பெரும்பாலோரின் பெயர்கூட எஞ்சவில்லை.

முடிவாக

ஐந்து நொடிக்கோண வேறுபாட்டையும் விடாமல் ஆராய்ந்ததால், மலைகளின் அடியில் என்ன இருக்கிறது என்ற அறிவு கிடைத்தது. அதே துறையின் நூலில் ஒரு மனிதரின் பெயர் விடுபட்டபோது அந்தக் கவனம் காட்டப்படவில்லை. எனவே இப்பாடத்தைப் படிக்கும் மாணவர்கள் ஆண்டுகளையும் உயரங்களையும் மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடாமல், ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் அளந்தவர் யார், கணக்கிட்டவர் யார், எதற்காக அளந்தார்கள் என்ற மூன்று கேள்விகளையும் எழுப்பிப் பார்ப்பது நன்று.

சிந்திக்க

1. அடிக்கோட்டில் ஒரு மீட்டர் பிழை நேர்ந்தால், அது அடுத்தடுத்த முக்கோணங்களை எவ்வாறு பாதிக்கும்?
2. ஏரி, பிராட் ஆகியோரின் விளக்கங்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டைப் படம் வரைந்து காட்டுக.
3. துல்லியமான வரைபடம் ஆட்சியாளருக்கு எவ்வகையில் உதவியது? மக்களுக்கு அதனால் விளைந்தவை யாவை?