அமெரிக்க உளவியலும் கறுப்பினப் பெண்மணியரும்

அமெரிக்க நாட்டு உளவியல் அறிஞர்கள் தமக்கென ஒரு சங்கத்தை 1892-ஆம் ஆண்டில் நிறுவினர். 1905-இல் மேரி விட்டன் கால்கின்ஸ் என்னும் பெண்மணி அதன் தலைமையை ஏற்றார். கறுப்பினத்தவர் ஒருவர் அப்பதவியை அடைவதற்கு 1971 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டில் கென்னத் கிளார்க் என்பார் தலைவராக விளங்கினார். பெண்ணுக்கும் இடம் கிடைத்துவிட்டது, கறுப்பினத்தவருக்கும் இடம் கிடைத்துவிட்டது, எனவே கறுப்பினப் பெண்ணுக்கும் உடனே கிடைத்திருக்கும் என்று நாம் எண்ணக்கூடும். ஆயினும் ஜெசிகா ஹென்டர்சன் டேனியல் அம்மையார் அச்சங்கத்தின் முதல் கறுப்பினப் பெண் தலைவரானது 2018-ஆம் ஆண்டிலேதான். கால்கின்ஸ் அம்மையாருக்கும் இவருக்கும் இடையே 113 ஆண்டுகள் கழிந்திருந்தன. இத்துணை நெடிய காலம் எவ்வாறு கழிந்தது என்பதையே நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

முதல் தடை கல்விச்சாலையின் வாயிலிலேயே நின்றது. ஐனஸ் பெவர்லி பிராசர் என்பவர் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்து, அங்கேயே ஆசிரியப் பணி புரிந்தவர். அம்மாநிலப் பல்கலைக்கழகம் அக்காலத்தில் கறுப்பின மாணவரைச் சேர்ப்பதில்லை. 1950-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே அதன் கதவு திறந்தது. ஆகவே பிராசர் முதுகலைப் பட்டத்திற்காகக் கொலராடோவுக்குச் சென்றார். பின்னர் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் கல்வி உளவியலை ஆராய்ந்து, 1933-இல் டாக்டர் பட்டம் பெற்றார். இனம் பிரித்த பள்ளிகளிலும் இனம் கலந்த பள்ளிகளிலும் பயிலும் கறுப்பினச் சிறுவரின் கல்வி சாரா வளர்ச்சியே அவர் ஆராய்ந்த பொருள். அடுத்த ஆண்டிலேயே மோட்டார் விபத்தொன்றில் அவர் உயிர் நீத்தார். அதே 1934-இல் ரூத் ஹவர்டு என்னும் மற்றொரு கறுப்பினப் பெண்மணி மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உளவியலில் டாக்டர் பட்டம் பெற்றார். கதவு சிறிதே திறந்ததெனலாம். உள்ளே புகுந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை மேமி பிப்ஸ் கிளார்க் அம்மையாரின் வாழ்க்கை நமக்குத் தெளிவாகக் காட்டுகின்றது.

மேமி அம்மையார் 1917-இல் ஆர்க்கன்சாஸ் மாநிலத்து ஹாட் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில், ஒரு மருத்துவரின் மகளாகப் பிறந்தார். 1934-இல் வாஷிங்டன் நகரத்து ஹவர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கணிதம் பயின்றார். கறுப்பினத்தவர்க்கென அமைந்த அக்கல்விக்கூடத்திலும் கணித ஆசிரியர்கள் மாணவியரிடம் பற்றின்றி நடந்துகொண்டனர். அவர் மனம் உளவியலின்பால் திரும்பியது. அத்துறையில் தம்மோடு பயின்ற கென்னத் கிளார்க்கையே பின்னர் மணந்தார். கறுப்பின மழலையர்க்குத் தம் நிறம் பற்றிய உணர்வு எப்பருவத்தில், எவ்வாறு தோன்றுகின்றது என்பதே 1939-இல் அவர் எழுதிய முதுகலை ஆய்வுரையின் பொருள். புகழ்பெற்ற பொம்மைச் சோதனைக்கு வித்து இவ்வாய்வுரையே.

நிறம் ஒன்றில் மட்டும் வேறுபட்ட நான்கு பொம்மைகளை, மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள 253 கறுப்பினக் குழந்தைகளின் முன் கணவனும் மனைவியும் வைத்தனர். எதனோடு விளையாட விருப்பம், எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை என்று வினவினர். ஏறத்தாழ மூன்றில் இரு பங்குக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையோடு விளையாடவே விரும்பின. நிறவேற்றுமை பிஞ்சு உள்ளங்களைக்கூட விட்டுவைக்கவில்லை என்பதற்கு இது சான்றாயிற்று.

மேமி அம்மையார் டாக்டர் பட்டத்திற்காகக் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். அங்கு அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் ஹென்றி காரெட் என்னும் பேராசிரியர். கறுப்பினத்தவர் அறிவிற் குறைந்தவர் என்னும் கொள்கையுடையவர். இம்மாணவி பட்டம் பெற்றபின் தென்மாநிலங்களுக்குத் திரும்பி உயர்நிலைப் பள்ளியொன்றில் ஆசிரியையாக அமர்வார் என்றே அவர் எதிர்பார்த்தார். 1943-இல் மேமி அம்மையார் பட்டம் பெற்றார். கொலம்பியாவில் உளவியல் டாக்டரான முதல் கறுப்பினப் பெண் அவரே.

அதன் பின்னர் நிகழ்ந்ததே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. கணவர் 1942 முதல் நியூயார்க் நகரக் கல்லூரியில் ஆசிரியராக விளங்கினார். அதே பட்டமும் அதே துறையில் தேர்ச்சியும் பெற்ற மனைவிக்கோ தகுதிக்கேற்ற பணி கிட்டவில்லை. செவிலியர் பற்றிய புள்ளிவிவரங்களைப் பகுத்தாயும் அலுவலே முதலில் கிடைத்தது. வெள்ளைப் பெண்ணாயிருந்தால் ஒரு தடை. கறுப்பின ஆணாயிருந்தால் ஒரு தடை. இவருக்கு இரண்டும் ஒருங்கே குறுக்கிட்டன.

ஹார்லம் பகுதியின் கறுப்பினச் சிறுவர்க்கு உளவியல் உதவி வேண்டும் என்று கிளார்க் தம்பதியர் நியூயார்க்கின் தொண்டு நிறுவனங்களை அணுகினர். எவரும் முன்வரவில்லை. எனவே 1946-இல், தந்தையார் கடனாகக் கொடுத்த 946 டாலரைக் கொண்டு, ஒரு குடியிருப்பின் நிலவறையில் தாமே ஒரு நிலையத்தைத் தொடங்கினர். அதே 1946-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக வீற்றிருந்தவர் ஹென்றி காரெட். ஆசிரியர் அரியணையில் அமர்ந்த ஆண்டில் மாணவி நிலவறையில் பணி தொடங்கினார்.

அந்நிலையம் 'நார்த்சைடு' என்னும் பெயரால் வளர்ந்தது. மந்தபுத்தியுடையோர் எனப் பள்ளிகள் தனி வகுப்புகளுக்குத் தள்ளிய சிறுவர் பலரை அங்கு மீண்டும் சோதித்தபோது, அவர்களுட் பெரும்பாலோர் அவ்வகுப்புகளுக்கு உரியவர் அல்லர் என்பது வெளிப்பட்டது. மேமி அம்மையார் 1979 வரை அதனைத் தலைமை தாங்கி நடத்தினார்.

ஆசிரியரும் மாணவியும் மீண்டும் எதிரெதிரே நின்றது நீதிமன்றத்தில். 1952-இல் விர்ஜினியா மாநிலத்துப் பள்ளி வழக்கொன்றில் காரெட் இனப்பிரிவினைக்கு ஆதரவாகச் சான்று கூறினார். அதனை மறுத்து மேமி அம்மையார் சான்று கூறினார். அவ்வழக்கும் உள்ளடங்கிய பெருவழக்கில், 1954 மே 17 அன்று, பள்ளிகளில் இனப்பிரிவினை சட்டத்திற்கு மாறானது என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பின் 11-ஆம் அடிக்குறிப்பு உளவியல் ஆய்வுகளைச் சுட்டுகின்றது. அதில் முதலாவதாகக் காணப்படும் பெயர் கென்னத் கிளார்க். மேமி அம்மையாரின் பெயர் அங்கில்லை. மூல ஆய்வு தம் மனைவியாருடையதே என்று கென்னத் கிளார்க்கே வெளிப்படையாகக் கூறியும், உலகம் நெடுங்காலம் அவரையே பாராட்டியது.

சட்டத்தால் மூடிய கதவைச் சட்டத்தால் திறக்கலாம். டெக்சாஸில் அவ்வாறே நிகழ்ந்தது. 'இவள் பள்ளி ஆசிரியையாக அமைவாள்' என்னும் வழிகாட்டியின் எதிர்பார்ப்பையும், அடிக்குறிப்பிலிருந்து விடுபட்ட பெயரையும் எந்தச் சட்டமும் எட்டுவதில்லை. தலைமைக்குச் செல்லும் வழியோ பெரிதும் இவ்விரண்டையும் பொறுத்தது: மூத்தோரின் கைதூக்கலும், செய்த பணிக்கு உரிய பெயரும்.

உளவியலிலிருந்து கிளைத்து, இன்று நடத்தைப் பகுப்பாய்வு எனத் தனித் தொழிலாக வளர்ந்துள்ள துறையிலும் புகுவோர், மூத்தோரின் மேற்பார்வையில் குறித்த காலம் பயிற்சி பெற்றே சான்றிதழ் அடைகின்றனர். அங்கு மேற்பார்வையாளர் எவர், அவர் தம் மாணவியிடம் எதனை எதிர்பார்க்கின்றார் என்னும் கேள்வி சிறிதன்று. கறுப்பினப் பெண்களின் தலைமை பற்றி அத்துறையினர் இன்று ஆராயும்போது, 1943-இல் ஒரு மாணவி பட்டம் பெற்று வெளியே வந்தபின் எங்கே நிறுத்தப்பட்டார் என்பதிலிருந்து அவர்கள் தொடங்கலாம்.