கணியான் கூத்து: கொடை இரவில் வேர்கொண்ட ஆட்டம்

நாட்டார் ஆடல் ஒன்றின் பண்பாட்டு வேரைத் தேடுவோர் அடவு, உடை, இசைக்கருவி என்று பட்டியலிட்டு நின்றுவிடுவது வழக்கம். நெல்லைச் சீமையின் கணியான் கூத்து அந்தப் பட்டியலுக்குள் அடங்குவதில்லை. ஆடும் காலின் அசைவைக் காட்டிலும், யார் ஆட உரியவர், எந்தத் தெய்வத்தின் முன் ஆடுகிறார், இரவின் எந்தப் பொழுதில் ஆடுகிறார் என்பவற்றில்தான் இக்கூத்து வேர்கொண்டிருக்கிறது என்பது என் வாதம்.

இலத்தூர், தென்காசி, செங்கோட்டை தொடங்கித் தெற்கே குமரி வரை சுடலைமாடன், இசக்கி, முத்தாரம்மன் கோயில் கொடைகளில் இக்கூத்து நிகழ்கிறது. தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் இடம்பெற்ற கணியான் சமூகத்தினரே இதை நிகழ்த்துகின்றனர். அண்ணாவி கதை பாடுவார். பின்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுவார். இருவர் மகுடம் அடிக்க, பெண் வேடமிட்ட ஆண்கள் இருவர் சலங்கை கட்டி ஆடுவர். இரண்டு மகுடங்களில் ஒன்று உச்சம், மற்றது மந்தம். மரவளையத்தில் தோல் போர்த்திய இக்கருவியைத் தீயில் காய்ச்சிச் சுருதி கூட்டுவார்கள். கதையின் போக்கை மகுடம் கேட்டு நடக்கிறது. மகுடத்தின் போக்கை ஆட்டம் கேட்டு நடக்கிறது. அண்ணாவியின் பாட்டை நீக்கிவிட்டு ஆட்டத்தை மட்டும் பதிவு செய்தால் மிஞ்சுவது வெறும் கால்வீச்சு. பெண் வேடத்தைப் பற்றி நிறைய எழுதியவர்கள் இந்தக் கேட்புறவைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்றே கருதுகிறேன்.

நள்ளிரவுச் சடங்குகளில் என் வாதத்துக்கு வலுவான சான்று இருக்கிறது. கணியான் தன் கையைக் கீறிக் குருதியைத் தெய்வத்துக்குப் படைப்பது கைவெட்டு. அந்தக் குருதியைத் தர ஊரில் வேறு எவருக்கும் உரிமையில்லை. அதுவரை கதை பாடி மக்களை மகிழ்வித்த குழு, அப்போது தெய்வத்துக்கும் ஊருக்கும் இடையில் கடன் தீர்க்கும் குழுவாகிறது. இராமாயணக் கதையும் அரிச்சந்திரன் கதையும் பாடப்படுவதால் இதைப் பொழுதுபோக்குக் கலை என்று கொள்ளலாமே என்பர். கொள்ளலாம்; ஆனால் அந்தப் பாட்டுகளைக் கேட்டு விழித்திருக்கும் கூட்டம்தான் நள்ளிரவுச் சடங்குக்குச் சாட்சியாகிறது. கலையும் சடங்கும் இங்கே ஒன்றையொன்று தாங்கி நிற்பவை.

ஆட்டத்தை அதன் களத்திலிருந்து பிரித்துப் பார்க்கும் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று.  சீனாவின் சின்ஜியாங் பகுதியில் வாழும் உய்குர் மக்களின் ஆடலும் பாடலும் கூடும் மெஷ்ரெப் என்னும் ஊர்க்கூட்டத்தை 2010-இல் யுனெஸ்கோ அவசரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. உய்குர் ஆடலுக்கும் இசைக்கும் மற்றொரு களம் மஸார் எனப்படும் அடக்கத்தலங்களின் திருவிழாக்கள். அவற்றை ஊர் ஊராகச் சென்று பதிவுசெய்த நாட்டாரியல் அறிஞர் ரஹிலே தாவுத் 2017-இல் காணாமற்போனார். அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது 2023-இல் உறுதியானது. மஸார் யாத்திரைகள் தடுக்கப்பட்ட அதே நிலத்தில் சுற்றுலா மேடைகளில் உய்குர் ஆட்டம் தொடர்ந்து நடக்கிறது. உடையும் அடவும் அங்கே அப்படியே இருக்கின்றன; கூடும் உரிமைதான் இல்லை.

நம் நிலைமை அந்த அளவு கொடியதன்று. இங்கே கொடைகளைத் தடுப்பார் இல்லை. ஆயினும் அரசு விழா மேடையில் சில நிமிடங்களுக்குக் கூத்தைச் சுருக்கி, அதையே பாதுகாப்பு என்று பெயரிடுவது ஆய்வுக்குப் பொருந்தாது. மேடை கலைஞருக்கு வருமானமும் மதிப்பும் தருகிறது; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மேடைப் பதிவை மூல ஆவணமாகக் கொள்வதை ஆய்வாளர்கள் கைவிட வேண்டும். கணியான் கூத்தை ஆராய வருவோர் காப்புக் கட்டுவது முதல் கொடை முடிவது வரை அண்ணாவியின் இசைவோடு உடனிருந்து, ஊராரின் விளக்கத்தையும் சேர்த்து முழு இரவையும் பதிவுசெய்ய வேண்டும். அதற்கான ஊதியத்தைக் கலைஞர்களுக்குத் தருவதைப் பல்கலைக்கழகங்கள் தம் ஆய்வு நிதியிலேயே சேர்க்க வேண்டும்.