நுண்கட்டுப்படுத்திப் பலகைகளில் ஒலிக்கோப்பு இயக்கம்

ஆர்டுயினோ, ஈஎஸ்பி32 முதலான சிறு மின்னணுப் பலகைகளைக் கொண்டு எண்முறை ஒலிக்கோப்புகளை ஒலிக்கச் செய்யும் முறை இது. பள்ளி மாணவரும் ஆர்வலரும் குறைந்த செலவில் செய்து பார்க்கத்தக்கது.

இதன் முதன்மையான தடை நினைவகம். முத்துசுவாமி தீட்சிதர் திருத்தணி மலைக்கோயிலில் இயற்றிய முதல் கிருதியாக மரபு கூறும் ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’வின் ஐந்து நிமிடப் பதிவைக் குறுந்தகட்டின் தரத்தில், அதாவது நொடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட்டுகள், இரு தடங்கள் என்ற அளவில், சுருக்காமல் சேமித்தால் அது ஏறத்தாழ 53 மெகாபைட் ஆகும், ஆர்டுயினோ ஊனோவின் 32 கிலோபைட் நிரல் நினைவகமோ அதில் ஐந்தில் ஒரு நொடிக்கும் போதாது. ஆகவே கோப்பு எஸ்டி அட்டையில் வைக்கப்பட்டு, 512 பைட் துண்டுகளாகப் படிக்கப்படுகிறது. ஒரு துண்டு ஒலிக்கும்போதே அடுத்தது இடையகம் எனப்படும் தற்காலிக நினைவிடத்தில் நிரப்பப்படுவதால் ஒலி அறுபடுவதில்லை.

மாதிரிகளை மின்னழுத்தமாக்க, துடிப்பின் அகலத்தை மாற்றும் துடிப்பகலப் பண்பேற்றம் ஊனோவில் பயன்படுகிறது. இதில் தரம் குறைவு. எம்பி3 கோப்பின் சுருக்கத்தை விரிக்க ஊனோவின் ஆற்றல் போதாமையால், அப்பணியைத் தானே செய்யும் டிஎஃப்பிளேயர் மினி போன்ற துணைப் பலகை இணைக்கப்படுகிறது. ஈஎஸ்பி32 மென்பொருளாலேயே அதனை விரித்து, பிலிப்ஸ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட ஐ2எஸ் தடத்தின் வழியே எண்-ஒப்புமை மாற்றிக்கு அனுப்புகிறது.

தமிழும் தெலுங்கும் வழங்கும் திருத்தணி போன்ற எல்லையூர்களில், பொத்தானை அழுத்தியதும் விரும்பிய மொழியில் வழிகாட்டும் கருவிகளை இம்முறையால் உள்ளூரிலேயே உருவாக்க இயலும்.