பெறுபவர் கையொப்பம்

நவம்பர் மாதத்தில் என் கவுண்ட்டருக்கு வரும் கிழவர்கள், தாங்கள் இன்னும் சாகவில்லை என்பதை எழுத்து மூலம் நிரூபிக்க வருகிறார்கள். உயிர்வாழ் சான்றிதழ் என்று பெயர். இதிலுள்ள அபத்தம் எனக்குப் பழகிப்போய்விட்டது. ஆஸ்திரேலிய ஆதிக்குடிகளின் பென்ஷன் சரித்திரத்தைப் படித்த பிறகு, உயிரோடிருப்பதை மட்டும் நிரூபித்தால் போதும் என்பதே பெரிய சலுகை என்று தோன்றுகிறது. அவர்கள் நிரூபிக்க வேண்டியிருந்தது, தாங்கள் தாங்களாக இல்லை என்பதை.

1908ல் அந்த நாடு முதியோருக்கும் உடல் இயலாதோருக்கும் பென்ஷன் சட்டம் இயற்றியது. வாரத்துக்கு அதிகபட்சம் 10 ஷில்லிங். பொதுக் கஜானாவிலிருந்து வரும் பணம். அதே சட்டத்தில் ஒரு பிரிவு: ஆஸ்திரேலியாவில் பிறக்காத ஆசியர்களுக்கும், ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகள், நியூஸிலாந்து ஆகியவற்றின் ஆதிக்குடிகளுக்கும் இது கிடையாது. 1912ல் பிரசவத்துக்கு 5 பவுண்டு தரும் சட்டம் வந்தது. மணமாகாத தாய்க்கும் அந்தப் பணம் உண்டு. ஆதிக்குடித் தாய்க்கு இல்லை. யார் ஆதிக்குடி என்பதை அதிகாரிகள் ரத்தத்தைப் பின்னக் கணக்குப் போட்டுத் தீர்மானித்தார்கள்.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர் ஒருவர் குறுக்கிடுகிறார். வலங்கைமான் ஸ்ரீநிவாஸ சாஸ்திரி 1922ல் ஆஸ்திரேலியா போய், அங்கே குடியேறிய இந்தியர்களுக்காகப் பேசினார். 1925ல் அவர்களுக்கு வாக்குரிமையும் 1926ல் பென்ஷனும் கிடைத்தன. சாஸ்திரியின் நாவன்மையை நாம் கொண்டாடியிருக்கிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பட்டியலிலிருந்து நம் பெயர் அழிந்ததே தவிர, பட்டியல் அழியவில்லை. வெளியிலிருந்து போன இந்தியனுக்காகப் பேச ஒரு சாம்ராஜ்யத்தின் சங்கடம் துணையிருந்தது. மண்ணுக்குச் சொந்தக்காரனுக்காகப் பேச வெளியே ஒரு தேசம் இல்லை.

அவர்களுக்குக் கதவு 1942ல் கொஞ்சம் திறந்தது. மாநிலங்களின் ஆதிக்குடிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களிலிருந்து விலக்குப் பெற்றவர்களுக்கு மட்டும் பென்ஷன். அத்தகைய விலக்கு ஏற்பாடு இல்லாத இடங்களில் நடத்தை, அறிவு, வளர்ச்சி ஆகியவற்றை எடைபோட்டுத் தரலாம். மேற்கு ஆஸ்திரேலியாவின் 1944ம் வருஷத்துச் சட்டப்படி பிரஜைச் சான்றிதழ் கேட்பவர், மிக நெருங்கிய ரத்த சொந்தம் தவிர மற்றவர்களோடு இரண்டு வருஷம் உறவறுத்திருக்க வேண்டும். இம்மாதிரிச் சான்றிதழ்களை அந்த மக்கள் 'நாய் லைசென்ஸ்' என்றார்கள். இதைவிடக் கச்சிதமான விமர்சனத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

1959ல் சட்டம் மறுபடி திருத்தப்பட்டது. நாடோடியாக அல்லது புராதன நிலையில் வாழ்கிறவர் என்று டைரக்டர் ஜெனரல் கருதுகிறவர்களுக்கு மட்டும் இல்லை என்றது. 'கருதுகிற' என்ற அந்த ஒரு சொல் 1966 வரை உயிரோடிருந்தது.

ஒரு பாங்க் குமாஸ்தாவாக என்னை நிறுத்திவைப்பது வேறொரு விஷயம். பணம் அனுமதிக்கப்பட்ட பிறகும் யார் கையில் போயிற்று? 1941ல் வந்த குழந்தை உதவித்தொகையில் ஆதிக்குடித் தாய்மார்கள் முழுக்க விலக்கப்படவில்லை. ஆனால் மிஷன்களிலும் சர்க்கார் குடியிருப்புகளிலும் இருந்தவர்களின் பணம் பெரும்பாலும் அந்த ஸ்தாபனங்களுக்கே போயிற்று. குவீன்ஸ்லாந்தில் உழைத்தவனின் கூலி அவன் பெயரிலேயே கணக்கில் ஏறியது. பாஸ் புத்தகம் 'பாதுகாவல'ரிடம். பாதுகாவலர் பல ஊர்களில் போலீஸ்காரர். பெயர் ஒருவருடையது, பணத்தின் மேல் அதிகாரம் இன்னொருவருடையது. 1939 முதல் 1972 வரை இப்படிப் பிடித்துவைத்த கூலிக்காக அந்த மாநிலம் 2019ல் 190 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டது. உழைத்தவர்களில் பலர் அதற்குள் இறந்துவிட்டார்கள்.

பழங்கதை என்று சொல்லிவிட முடியவில்லை. 2007ல் வட பிரதேசத்தில், குறிப்பிட்ட ஆதிக்குடிக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்களின் உதவித்தொகையில் பாதி, இன்ன பொருளுக்குத்தான் செலவழிக்கலாம் என்று நிறுத்திவைக்கப்பட்டது. அதற்காக இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டமே ஒதுக்கிவைக்கப்பட்டது. 2023ல் பென்ஷன் வயது 67 ஆயிற்று. 2020–22 கணக்குப்படி ஆதிக்குடி ஆணின் சராசரி ஆயுள் 71.9, மற்ற ஆண்களைவிட 8.8 வருஷம் குறைவு. சீக்கிரம் சாகிறவர்களுக்குச் சீக்கிரம் பென்ஷன் தர வேண்டும் என்று முதியவர் ஒருவர் வழக்காடினார். அதே 2023ல் ஃபெடரல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சட்டம் இப்போது எல்லோருக்கும் ஒன்றுதான். சாவுதான் வித்தியாசம் பார்க்கிறது.

இதையெல்லாம் எழுத எனக்குள்ள யோக்கியதை பற்றியும் சொல்லிவிட வேண்டும். சென்ற நவம்பரில் ஒரு பாட்டியின் விரல் ரேகை இயந்திரத்தில் பதியவில்லை, தேய்ந்துபோன விரல். கூட வந்தவன் பாஸ் புத்தகத்தைத் தன் சட்டைப்பையில் வைத்திருந்தான். சீட்டில் கைநாட்டு வாங்கிக்கொண்டு, பணத்தை எண்ணி அவன் கையில் கொடுத்தேன். விதிப்படி எல்லாம் சரி. "எம்புட்டு தம்பி வந்திருக்கு?" என்று கிழவி என்னைத்தான் கேட்டாள். பதில் சொன்னது அவன். நான் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.