குரலில் வாழும் கதை

1843ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் தொழிற்கூடங்களில் உழைத்த சிறுவர்களின் அவலத்தை விளக்கும் அரசு அறிக்கையொன்று வெளிவந்தது. அதனால் நெஞ்சு கொதித்த சார்லஸ் டிக்கன்ஸ், ஏழைக் குழந்தைகளுக்காக வாதாடும் துண்டு வெளியீடு ஒன்றை எழுத எண்ணினார். பின்னர் அவ்வெண்ணத்தைக் கைவிட்டு, ஆறே வாரங்களில் ஒரு கதை எழுதினார். டிசம்பர் 19 அன்று வெளியான ‘கிறிஸ்துமஸ் கரோல்’ என்னும் அக்குறும்புதினத்தின் 6,000 படிகள் பண்டிகைக்கு முன்னரே விற்றுத் தீர்ந்தன.

ஐந்தே இயல்கள், ஓரிரு மாலைகளில் வாய்விட்டுப் படித்து முடிக்கலாம். ஆகவே, அது இல்லந்தோறும் கூடியிருந்து கேட்கும் நூலாயிற்று. 1853 டிசம்பரில் பர்மிங்காமில் டிக்கன்ஸே அதனை மக்கள் முன் படித்தார். தொழிலாளர்க்கென ஓர் இரவை ஒதுக்கி, ஆறு பென்ஸ் கட்டணத்தில் அவர்களை வரவேற்கச் செய்தார். 1870 மார்ச்சில், லண்டனில் நிகழ்ந்த அவரது இறுதி வாசிப்பிலும் இக்கதை இடம்பெற்றது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையில் தம் குடும்பத்தார்க்கு இதனைப் படித்துக்காட்டுவதை வழக்கமாகக் கொண்டிருந்தார்.

துண்டு வெளியீடாக வந்திருப்பின், அது அவ்வாண்டோடு மறைந்திருக்கக்கூடும். கதையாக வந்தமையால், ஊனமுற்ற சிறுவன் டிம் பிழைப்பானா என்று குழந்தைகள் ஆண்டுதோறும் கேட்கின்றனர். விடையறிந்த பெரியோரும் அவ்விடத்தில் குரல் தழுதழுக்கின்றனர். அறிக்கை எட்டாத நெஞ்சங்களை அக்குரல் எட்டுகிறது. பத்தாண்டுகளாக ஒருவர் படிக்கப் பிறர் கேட்கக் கூடிவரும் நம் வட்டத்தார் இவ்வுண்மையைத் தம் செவியாலேயே அறிவர்.